கண்டக்டர் வீட்டு மீன்கள்

என் கணவர் பஸ் கண்டக்டர். கடலூர் தடத்தில் காலமெல்லாம் விசில் ஊதியவர். படியில் தொங்காதே, உள்ளே போ, சில்லறையாகக் கொடு, யாருப்பா இன்னும் டிக்கெட் எடுக்காதது என்று கத்திக் கத்தி, நாற்பது வயசுக்குள்ளேயே அவர் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். நான் பேச்சை எடுத்தாலும் கையை உயர்த்தி, "கொஞ்ச நேரம்" என்பார். அந்தக் கொஞ்ச நேரம் பல நாள் சாப்பாடு முடிகிற வரைக்கும் நீளும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு ஆளைப் பிடித்து, ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் லாஸ்பேட்டை வீட்டு ஹாலில் இறக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிவி இருந்த இடம் பறிபோனது. தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு, மேலே விளக்கு, தண்ணீரை இழுத்து வடிகட்டுகிற மோட்டார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"நாள் முழுக்கக் கத்தற ஜனத்தோட கெடக்கறேன். வீட்டுலயாவது கத்தாத ஜனம் நாலு இருக்கட்டும்" என்றார்.

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். மறுநாள் அங்கே போய், வீட்டுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தேனே ஒழிய, உள்ளுக்குள் எரிச்சல்தான்.

முதலில் வந்தது ஃப்ளவர்ஹார்ன். தலையில் பெரிய புடைப்போடு இருக்கும், வாஸ்துவுக்கு நல்லது என்று சொல்லி விற்பார்களே, அது. தனியாகத்தான் இருக்கும். கூட இன்னொரு மீனைப் போட்டால் கொன்றுவிடும். நான் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனால்கூடக் கண்ணாடியில் வந்து முட்டும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். "இது நம்ம டிரைவர் மாதிரியே இருக்குது. வேலையிலயும் ஒண்ணு, வீட்டுலயும் ஒண்ணா?" என்று அதை வாங்கின கடையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார். பெரிசாகவும் இருக்க வேண்டும், சாதுவாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டு, வேறு ஜாதி மீன்களை வாங்கிவந்தார்.

செவரம் என்று பெயர். வட்டமாக, தட்டையாக இருக்கும். வந்தபோது ரூபாய் நாணயம் அளவுதான். வளர்ந்த பிறகு நான் கையை விரித்து வைத்தாலும் மறைக்க முடியாத அளவு. முகத்தில் குங்குமம் தெறித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். அவசரமே கிடையாது. திரும்ப வேண்டும் என்றால்கூட யோசித்துத்தான் திரும்பும். அவற்றோடு ஜியோ என்று இன்னொரு வகை. அது மண்ணை வாயால் அள்ளி, மென்று, செவுள் வழியாக உதிர்க்கும். அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி நாள் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரே வேலை. எல்லாமே சிக்லிட் குடும்பம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர், "நம்ம ஏரி ஜிலேபிக் கெண்டைக்கு இதுங்க பெரியப்பா பசங்க" என்று அறிமுகப்படுத்துவார். அது உண்மைதானாம். ஒரே குடும்பம்தான்.

அவர் டூட்டிக்குப் போனால் தீனி போடுவது நான். அப்படித்தான் நானும் மாட்டிக்கொண்டேன். செவரத்துக்குப் பச்சைப் பட்டாணி பிடிக்கும். வேகவைத்துத் தோலை உரித்துப் போட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் பட்டாணி இருக்கும். ஒவ்வொன்றாக உரிப்பார். "எனக்கு ஒரு நாளு உரிச்சிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்பேன். "உனக்குத்தான் கை இருக்குதே" என்பார்.

தண்ணீர் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை. அதில் மட்டும் அவர் ஒரு அய்யர் கணக்காக ஆசாரம் பார்ப்பார். முனிசிபாலிட்டித் தண்ணீரில் பிளீச்சிங் வாடை இருக்கும் என்று இரண்டு டிரம்மில் முந்தின நாளே பிடித்துத் திறந்து வைப்பார். தொட்டியில் கால்வாசிதான் எடுக்க வேண்டும், முழுசாக எடுக்கக் கூடாது. வடிகட்டியில் இருக்கும் ஸ்பாஞ்சு கறுப்பும் பழுப்புமாகச் சளி பிடித்துக் கிடக்கும். பார்த்தாலே குமட்டும். அதைக் குழாயில் காட்டக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ரெண்டு தரம் முக்கி எடுத்து அப்படியே திரும்ப வைத்துவிட வேண்டும். ஒரு நாள் நான் அதைச் சோப்புப் போட்டு அலசி வைக்கட்டுமா என்று கேட்டதற்குப் பதறிவிட்டார்.

"அந்த அழுக்குலதான் இதுங்க உசுரே இருக்குது. மீனு போடற கழிவு வெசமா மாறும். அந்த வெசத்தத் தின்னுட்டு உசுரோட இருக்கற பூச்சி அந்தச் சளியில இருக்குது, கண்ணுக்குத் தெரியாது. அதக் கழுவிட்டா, பாவம், இதுங்க இதுங்களோட மூத்திரத்துலயே வெந்து சாவும்."

இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவும் தெரிந்தால்தான் புரியும்.

செவரங்களில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஜோடி சேர்ந்தன. அவற்றுக்காக ஒரு கடப்பாக்கல் துண்டைத் தொட்டி மூலையில் சாய்த்து வைத்திருந்தார். முட்டை அந்தக் கல்லில் ஒட்டும், கசகசா தூவின மாதிரி. ஆணும் பெண்ணும் மாறி மாறி நின்று செட்டையால் விசிறும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் முட்டை இருக்காது. பெற்றதுகளே தின்றிருக்கும். "பழகட்டும். மொதப் புள்ளைக்கு நாம மட்டும் தெரிஞ்சா வளத்தோம்?" என்று சொல்வார். ஆனால் முகம் வாடித்தான் இருக்கும். இப்படியே ஒன்றிரண்டு வருஷம் போயிற்று.

கடைசியில் ஒரு தரம் முட்டை பொரிந்தது. பொரிந்ததும் நீந்தாது. மண்ணில் குழி பறித்து அதில் துடித்துக்கொண்டு கிடக்கும். எழுந்து நீந்த இன்னும் சில நாள் ஆகும். தாயும் தகப்பனும் அந்தக் குழியை விட்டு நகரவே இல்லை. சாதுவான மீன் என்று பெயர் வாங்கினவை, என் விரல் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் முறைத்தன. அவர் டூட்டி முடிந்து வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து பார்ப்பார். நானும் உட்காருவேன். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்தது எங்கள் பையன் தவழ்ந்த காலத்துக்குப் பிறகு அப்போதுதான். பையன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

அன்றைக்குக் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இன்னிக்கு எழுந்து நீந்திடும்னு நெனைக்கறேன். நீந்துச்சின்னா போன் பண்ணு."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்த்தேன். குழியிலிருந்து எழும்பி, தகப்பன் மீனின் வயிற்றுக்குக் கீழே தூசி மாதிரி ஒரு கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. அது ஒரு பக்கம் திரும்பினால் அந்தத் தூசியும் திரும்பியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனைப் போட்டேன். எடுத்ததும், "நீந்திடுச்சிங்க" என்றேன்.

எடுத்தது அவர் இல்லை. யாரோ ஒரு பயணி. "அண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கினு வுழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீங்க வந்துடுங்க" என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பையன் வந்து சேர வேண்டும், கிராமத்திலிருந்து ஜனம் வர வேண்டும், மறுநாள்தான் எடுக்க முடியும் என்றார்கள். ஐஸ் பெட்டி வந்தது. ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில்தான் பெட்டி வைக்க இடம் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு பிளக். பெட்டிக்காரர் பார்த்தார். மீன் தொட்டி மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியைச் செருகினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ.

கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்த எனக்கு மோட்டார் சத்தம் நின்றுபோனது கேட்டது. எத்தனையோ பேர் கதறிக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சின்ன உறுமல் நின்றது எனக்குக் கேட்டது. எழுந்து போய் எதிர் வீட்டுத் தம்பியிடம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரச் சொல்லி, நானே மோட்டாரை மாட்டினேன். புருஷன் பெட்டியில் கிடக்கும்போது இவள் ஒயர் மாட்டுகிறாள் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். விட்டுக்கொள்ளட்டும். கண்ணாடிக்கு உள்ளே குஞ்சுக் கூட்டம் தகப்பனோடு சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் கிடந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது. இதுகளையாவது விடக் கூடாது. அவர் உயிரோடு விட்டுப்போனது இந்த வீட்டில் இதுகள்தான்.

மறுநாள் மத்தியானம் தாண்டி எடுத்தார்கள். ஆண்களெல்லாம் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. தெருமுனையோடு திரும்பி வந்து, போனவர்கள் வருவதற்குள் வீட்டைக் கழுவிவிட வேண்டும். என்னை உள் அறையில் ஒரு மூலையில் உட்கார வைத்து, சுற்றிலும் கிராமத்துப் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

கழுவுகிற வேலைக்குத் தலைமை என் நாத்தனார். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மா போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். இருபது வருஷமாகத் தனியாக நின்று பயிர் வைத்தவர். அவர் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அரைகுறை என்ற பேச்சே கிடையாது.

சமையல்கட்டில் குடம் கவிழ்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்பக்கம் டிரம்மை உருட்டித் தண்ணீரைக் கொட்டினார்கள். சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். போகட்டும் என்று இருந்தேன். பிறகு ஹாலில் மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம். அங்கே மொள்ளுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

எழுந்தேன். இரண்டு பக்கமும் கையைப் பிடித்தார்கள்.

"அண்ணி, தொட்டியத் தொடாதீங்க. அதுல குஞ்சு இருக்குது" என்று கத்தினேன்.

"அழுவட்டும், வுடுங்க. நேத்துலேருந்து வாய் வுட்டு அழுவவே இல்ல" என்றார் ஒருத்தர்.

"நான் அழுவல. மீனு செத்துடும். யாராவது போயிச் சொல்லுங்க."

"பாவம், புத்தி கலங்கிப் போச்சு."

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டு நான் சொன்னதையே எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். மீனு வளத்த ராசா, நீ நீந்திப் போன தொறை எங்க என்று அவர் இழுக்க, மற்றவர்கள் பின்னாலேயே இழுத்தார்கள். நான் தொட்டி என்றால் தொட்டியும், தண்ணீர் என்றால் தண்ணீரும் ஒப்பாரிக்குள் போய்ச் சேர்ந்தது. நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவுக்கு நன்றாக ஒப்பாரி நடந்தது. கையை உதறிப் பார்த்தேன். நாற்று நட்ட கைகள், விடவில்லை. அவர்கள் எல்லோருமே என்மேல் இரக்கப்பட்டுத்தான் என்னைப் பிடித்திருந்தார்கள். அந்த நிமிஷம் அந்த இரக்கத்தைப் போல நான் வெறுத்தது வேறெதுவும் இல்லை.

அவர்கள் பிடியை விட்ட பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். தொட்டி பளபளவென்று இருந்தது. வாங்கி வந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை. மீன்களை ஒரு பிளாஸ்டிக் டப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை இறைத்து வாசலில் ஊற்றி, அதையே தரை கழுவவும் விட்டிருந்தார்கள். கண்ணாடியைப் பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்து மூன்று தரம் அலசியிருந்தார்கள். மண்ணை அரிசி களைவது போலக் களைந்திருந்தார்கள். கடப்பாக்கல்லைத் தேய்த்து, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே சாய்த்து வைத்திருந்தார்கள். ஸ்பாஞ்சைத் துணி துவைக்கிற கல்லில் சோப்புப் போட்டு அடித்து வெளுத்திருந்தார்கள். புதுத் தலையணைப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் பிடித்து ரொப்பி, மீன்களை விட்டு, தீட்டுக் கழிய ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டிருந்தார்கள்.

"ஒரு மீனுக்கும் ஒரு கொறையும் இல்ல பாரு. நம்ம ஏரியில புடிச்சி வெளையாடின கை இது. எந்தம்பி ஆசையா வெச்சிருந்தது, பாத்து பாத்துத்தான் செஞ்சேன்" என்றார் அண்ணி. அவர் முழங்கை வரை நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

குஞ்சுகள் இல்லை. அண்ணியின் கண்ணுக்கு அவை தெரிந்திருக்காது. தெரிய வேண்டும் என்றால் அவை தெரிகிற அளவு இருந்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்தேன். தெருச் சாக்கடை வரைக்கும் தரை ஈரமாக இருந்தது. அண்ணியை அந்த இடத்திலேயே அறைந்துவிடலாம் போலக் கோபம் வந்தது. சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்புகிற சத்தம் கேட்டது. வாசலில் விளக்கு வைக்க எல்லோரும் நகர்ந்தார்கள்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே பிள்ளையார் நன்றாகத்தான் வந்திருந்தார். அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் ஓரம் சிவந்திருந்தது. பையனும் மற்ற ஆண்களும் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வந்தாலும் அவனுக்கு என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரியாது. ஸ்கூட்டிச் சாவியை எடுத்தேன்.

அண்ணி வாசலை மறித்து நின்றார். "எங்கப் போற?"

"மீனுக்கு மருந்து வாங்க."

"ஏம்மா, பதினாறு நாளு நீ வாசப்படி தாண்டக் கூடாது. நேத்து தான அவன எடுத்தோம். ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும்."

"அந்த மீனு போனா வேற மீனு வாங்கிக்கலாம். பேரு போனா வருமா?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அண்ணியைத் தோளால் தள்ளிக்கொண்டு இறங்கினேன். எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லா வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. தலை வாராமல், நெற்றியில் ஒன்றும் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தெருவில் என்ன பெயர் வந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை. சில பேர் தாங்களாகவே வந்து சொன்னார்கள்.

கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. "அண்ணன் வரலையா?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்ததைக் கீழே வைத்தார். தொட்டியைக் கழுவின கதையையும் சொன்னேன். பிளீச்சிங்கை முறிக்கிற சொட்டு மருந்தைக் கொடுத்தார். பிறகு தன் கடைத் தொட்டி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சையே பிடுங்கி, கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கவரில் போட்டுக் கட்டினார்.

"இதுல உசுரு இருக்குது. போனதும் மாட்டிடுங்க. காயக் கூடாது" என்றார். "ஆனா பெரிய மீனுங்கக்கா. நாலு மீனு கழிவத்தான் இது தாங்கும். உங்களுது அதுக்கு மேல. எனக்கு இதுக்கு மேல என்னா பண்றதுன்னு தெரியல."

அந்த அழுக்குக் கவரை ஸ்கூட்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். சேலையெல்லாம் நாறியது.

ஜியோ முதலில் போயின. மண்ணைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றவை, ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்தன. வீடு முழுக்கத் துக்கம் கேட்க வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே நான் பக்கெட் பக்கெட்டாக மருந்து கலந்த தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் என்னோடு அழுவதற்கு என்னைத் தேடினார்கள். நான் கையில் மக்கோடு நின்றேன். பையன் மட்டும் ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தான்.

செவரங்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தன. பெரிய உடம்பு, மெதுவாகத்தான் சாகும். செட்டைகள் ஓரத்தில் கிழிந்து தேய்ந்தன. தாய் மீன் கவிழ்ந்தபடி இரண்டு நாள் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் மிஞ்சியது தகப்பன். அது அந்தக் கடப்பாக்கல்லுக்கு முன்னால் நின்றது. கல்லில் ஒன்றும் இல்லை, வழவழவென்று கழுவி வைத்த கல். அது அதன் முன்னால் நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. பட்டாணியை உரித்துப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அப்போது என்னோடு சேர்ந்து அழ யாரும் பக்கத்தில் இல்லை, எல்லோரும் காரியத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். கருமாதிக்கு முதல் நாள் அதுவும் மிதந்தது. எல்லாவற்றையும் புதைத்த இடத்தில், காம்பவுண்டு ஓரத்தில், அதையும் புதைத்தேன்.

கருமாதி முடிந்தது. படையல் போட்டு, எனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, ஜனம் கலைந்தது. அண்ணி ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டினார். வாசலை மறித்த அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"தண்ணிய ஏன் அண்ணி ஊத்தினீங்க? கொடத்துத் தண்ணியோட வுட்டிருக்கலாமில்ல?"

அவர் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "தேங்கின தண்ணி எதுவா இருந்தாலும் வெக்கக் கூடாதும்மா. உசுரு ஒடம்ப வுட்டதும் தாகத்தோட சுத்தும். வூட்டுல தண்ணி இருந்தா அதுல எறங்கித் தங்கிப்புடும். போவ வேண்டிய எடத்துக்குப் போவாது. எங்கம்மாவுக்கும் ஊத்தினேன், எம்புருஷனுக்கும் ஊத்தினேன். ஒரு சொம்பு பாக்கி வெக்கல. அந்தத் தொட்டியிலதான் அவன் கண்ணு இருந்துச்சி. அங்கதான் போயித் தங்குவான்னு எனக்குத் தெரியும். எந்தம்பி தவிக்கக் கூடாதும்மா. அதான்."

"நான் அவர எங்கயும் போவச் சொல்லல அண்ணி" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையன் கூப்பிட்டான்.

தொட்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். விற்கவில்லை. மோட்டாரையும் நிறுத்தவில்லை. புதுத் தொட்டி வைத்தால் தண்ணீர் பழுக்கணும், பழுத்த பிறகுதான் மீன் விடணும் என்று அவர் சொல்வார். மீன் இல்லாத தொட்டியிலும் தினம் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். அது அழுகி, அந்த அழுகலைத் தின்றுதான் ஸ்பாஞ்சில் இருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பிழைத்திருக்கும். ஸ்பாஞ்சு மறுபடியும் கறுத்தது. தண்ணீர் பழுத்துவிட்டது என்று கடைக்காரர் சோதித்துப் பார்த்தும் சொல்லிவிட்டார். நான் மீன் வாங்கவில்லை. தீனி போடுவதையும் நிறுத்தவில்லை.

அறுவடை முடிந்து அண்ணி கண் ஆஸ்பத்திரிக்காக டவுனுக்கு வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கினார். இளைத்திருந்தார். ஹாலில் உட்கார்ந்து, வேலையிலிருந்து வந்ததும் நான் தொட்டியில் தீனி போடுவதைப் பார்த்தார்.

"மீனே காணம். யாருக்குப் போடற?"

"தண்ணிக்கு" என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அண்ணி எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடப்பாக்கல்லில் பாசி படிந்திருந்தது. வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"தம்பி இதுல இருக்கானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து தம்பியோடு பேசியிருப்பார். எனக்கு அது தெரிந்தது. நானும் எத்தனையோ நாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து அப்படி ஒரு பொய்யை எனக்கே சொல்லிப் பார்த்தவள்தான். அண்ணியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல அண்ணி. அவரு புடிச்ச தண்ணிய அன்னிக்கே வாசல்ல ஊத்திட்டோம். இது அவரு தொடாத தண்ணி."